குச்சிப்பூச்சிக்கு வீட்டில் கூடு: குமரி மாவட்டத்துக் கேள்விகளும் பதில்களும்

குச்சிப்பூச்சி வளர்க்க ஹீட்டர் விளக்கு எங்கே கிடைக்கும் என்று கேட்பவர்கள் கூடிவிட்டார்கள். வெளிநாட்டு வளர்ப்புக் குறிப்பைப் படித்துவிட்டுக் கேட்கிறார்கள். லண்டன் குளிருக்கு எழுதியதை நாகர்கோவிலில் வைத்துப் பார்த்தால் ஒன்றும் உருப்படாது. நம்மூரில் குச்சிப்பூச்சி சூடு போதாமல் சாவதில்லை. காற்றோட்டம் இல்லாமல், தோலுரிக்க உயரம் இல்லாமல், மருந்தடித்த இலையைத் தின்று சாகிறது. வந்த கேள்விகளில் முக்காலே மூணுவீசம் இந்த மூன்றைச் சுற்றித்தான்.

கேள்வி (கருங்கல்): அக்கா, எனக்க மகன் கொய்யா மரத்துல இருந்து ஒரு குச்சிப்பூச்சிய பிடிச்சோண்டு வந்து ஹார்லிக்ஸ் பாட்டில்ல போட்டு வச்சிருக்கான். ரெண்டு நாளா ஒரு அனக்கமும் இல்ல. செத்துப் போச்சா?

பதில்: பெரும்பாலும் செத்திருக்காது. பகல் முழுக்க முன்னங்கால் இரண்டையும் தலைக்கு நேரே நீட்டி, விறைத்துக் கிடப்பதுதான் அதன் பிழைப்பே. தொட்டால் கீழே விழுந்து இன்னும் விறைப்பாகக் கிடக்கும். ராத்திரி சாப்பாடு முடிந்து லைட்டை அணைத்து ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள், நடந்துகொண்டிருக்கும். செத்ததென்றால் கால்கள் தொங்கிவிடும், வயிறு கறுக்கும், நாற்றம் வரும்.

ஆனால் பாட்டிலை விட்டு இன்றைக்கே மாற்றுங்கள். சமையலறையில் குழம்புச் சட்டியை மூடும் வலைக்கூடை இருக்கிறதா? நல்ல உயரமானதாக இருந்தால் ஒரு தட்டின் மேல் கவிழ்த்து, உள்ளே கொய்யாக் கொப்பு ஒன்றை வைத்துவிட்டால் ஒன்றிரண்டு நாள் ஓடும். கொய்யாவில் இருந்ததால் கொய்யாவைத்தான் தின்னும் என்று சொல்ல முடியாது, சும்மா உட்கார்ந்திருந்திருக்கலாம். கொய்யா, செம்பருத்தி, ரோஜா, அந்த மரத்தடியில் நின்ற செடி என்று நாலைந்து கொப்பு போடுங்கள். காலையில் எந்த இலையின் ஓரம் கடித்திருக்கிறதோ அதுதான் தீனி.

இன்னொன்று. முன்னங்கால் மடங்கி முள்ளு முள்ளாக, தலை முக்கோணமாக இருந்தால் அது கும்பிடுபூச்சி. அதற்கு இலை வேண்டாம், உயிருள்ள ஈ வேண்டும்.

கேள்வி (நாகர்கோவில், வடசேரி): மீன் வளர்த்த இரண்டடிக் கண்ணாடித் தொட்டி சும்மா கிடக்கிறது. அது போதுமா? கடையில் கூடு வாங்க வேண்டுமா?

பதில்: தொட்டியைப் படுத்த வாக்கில் வைத்தால் உதவாது. வளர்ந்த பூச்சியின் நீளத்தைப் போல மூன்று மடங்காவது கூட்டின் உயரம் இருக்க வேண்டும், அகலம் இரண்டு மடங்கு. 10 செ.மீ. பூச்சி என்றால் உயரம் 30 செ.மீ. என்பது குறைந்த அளவு. நான் 50க்குக் குறைந்து யாருக்கும் சொல்வதில்லை, ஏனென்றால் அடியில் இலை பாட்டிலும் இடம் பிடிக்கும். உங்கள் தொட்டியை நெட்டுக்குத்தாக நிறுத்தி, திறந்த பக்கத்துக்கு வலைக்கதவு போட்டால் பரவாயில்லை. ஆனால் மூன்று பக்கமும் மேலும் கண்ணாடி என்றால் காற்று ஒரு வழியாகத்தான் போய்வரும். இடவப்பாதி மழை (ஜூன் மாதத் தென்மேற்குப் பருவமழை) தொடங்கினால் கண்ணாடி வேர்த்து வடியும்.

என்னைக் கேட்டால் தச்சரிடம் சொல்லி ரீப்பர் என்கிற மெல்லிய மரச்சட்டத்தில் ஒரு கூடு அடித்துக்கொள்ளுங்கள். அடி 30க்கு 30, உயரம் 50. இரண்டு பக்கமும் மேலும் நைலான் கொசுவலை, பின்பக்கம் பலகை, முன்பக்கம் கண்ணாடியோ அக்ரிலிக்கோ. வார்னிஷ், பெயிண்ட், மரத்துக்குப் போடும் கரையான் மருந்து எதுவும் வேண்டாம். பழைய மரம் என்றால் முன்பு மருந்து பூசியதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கொசுவலை வாங்கும்போதும் மருந்து தோய்த்த வலை வந்துவிடக் கூடாது.

கதவு முன்பக்கம் இருக்கட்டும், மேலே வேண்டவே வேண்டாம். பூச்சிகள் கூரை வலையில்தான் தொங்கும். மேல் மூடியைத் தூக்கும்போது தோலுரித்துக்கொண்டிருக்கும் பூச்சி விழுந்தால் அதோடு முடிந்தது. அடியில் மண், பாசி, அலங்காரக் கல் எல்லாம் போட ஆசை வரும். பழைய செய்தித்தாள் போதும், சுருட்டி எடுத்தால் சுத்தம். இந்த அளவுக் கூட்டில் வளர்ந்தது ஆறு, எட்டு வரை வைக்கலாம். நெருக்கமானால் ஒன்றின் காலை இன்னொன்று கடிக்கும்.

கேள்வி (ஆரல்வாய்மொழி): ஜன்னல் பக்கம் கூடு வைத்திருக்கிறேன். தோல் உரித்தபோது ஒன்றுக்குக் கால் வளைந்துவிட்டது, இன்னொன்று பாதித் தோலோடு செத்துக் கிடந்தது. என்ன குறை?

பதில்: முப்பந்தல் காற்றாலைகளைச் சுற்றவைக்கும் அதே காற்றுதான் உங்கள் ஜன்னல் வழியாகவும் வருகிறது. கணவாய்க் காற்று ஈரத்தை உறிஞ்சிவிடும்.

தோலுரிப்பு எப்படி நடக்கிறது என்று ஒரு தடவை பார்த்துவிட்டால் கூடு செய்வதில் பாதி புரிந்துவிடும். உரிப்பதற்கு முன் தீனியை நிறுத்தும். உயரத்தில் போய்ப் பின்னங்கால்களால் வலையைப் பற்றித் தலைகீழாகத் தொங்கும். முதுகுப் பக்கம் தோல் வெடித்து, உடம்பு தன் பாரத்தாலேயே கீழ்நோக்கி வழுக்கி வரும். ஆறு காலையும் உறையிலிருந்து உருவுவதுபோல் ஒவ்வொன்றாக இழுத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் கால்கள் நனைந்த நூலைப் போலத் துவண்டிருக்கும். கீழே உடம்பு நீளத்துக்கு இடம் இல்லாவிட்டால் தரையில் முட்டி, வளைந்த கால் அப்படியே இறுகிவிடும். காற்று வறண்டிருந்தால் தோல் ஒட்டிக்கொண்டு பாதியில் நின்றுவிடும். நல்லபடியாக முடிந்தால் உரித்த தோலைத் தானே தின்றுவிடும். தோலைக் காணோமே என்று தேட வேண்டாம்.

கூட்டை வீட்டின் உள்சுவருக்கு மாற்றுங்கள், நேர் வெயிலும் படக்கூடாது. சாயங்காலம் ஒரு தடவை, பூச்சியின் மேல் அல்ல, இலையின் மேலும் வலையின் மேலும் மென்மையாகத் தண்ணீர் தெளியுங்கள். குடிப்பதும் அந்தத் துளிகளைத்தான். காலைக்குள் காய்ந்துவிட வேண்டும். பாதியில் மாட்டிக்கொண்டதை இழுக்காதீர்கள். ஈரப் பஞ்சால் அந்த இடத்தை மட்டும் நனைத்துப் பார்க்கலாம், பிழைப்பது அதன் அதிர்ஷ்டம். கால் கழன்று போனால், குஞ்சாக இருந்தால் அடுத்தடுத்த உரிப்புகளில் சின்னதாகத் திரும்ப முளைக்கும். வளர்ந்து முடிந்ததற்கு முளைக்காது, ஐந்து காலோடு நன்றாகவே நடமாடும்.

கேள்வி (குலசேகரம்): எங்களுக்கு நேர்மாறு. மழைக்காலத்தில் கூட்டுக்குள் பூசணம் பிடிக்கிறது. தெளிக்கிறதா வேண்டாமா?

பதில்: ஜூனிலிருந்து மழை விடும்வரை தெளிக்கவே வேண்டாம். காகிதத்தை ஒன்றுவிட்டு ஒருநாள் மாற்றுங்கள், வாடிய கொப்பை உடனே எடுங்கள். ஃபேன் ஓடும் அறையில் வைக்கலாம், காற்று நேராகக் கூட்டில் அடிக்காமல்.

கேள்வி (திற்பரப்பு): நான் ரசாயனம் தொடுவதில்லை. கொய்யாவுக்கு வேப்பெண்ணெய்க் கரைசல் மட்டும்தான். அந்த இலையைப் போடலாமா?

பதில்: கூடாது. வேப்பெண்ணெய் இயற்கை என்பது உங்களுக்கு நிம்மதி, பூச்சிக்கு இல்லை. அதிலுள்ள அசாடிராக்டின் பூச்சியின் தோலுரிப்பு ஹார்மோனைக் குலைக்கிறது. தோட்டத்துப் புழுவை அது கட்டுப்படுத்துவதே அப்படித்தான். உங்கள் செல்லப் பூச்சியும் தோலுரிக்கத்தானே வேண்டும்! ஒரு மரத்தை மருந்தே அடிக்காமல் இதற்கென்று ஒதுக்கிவிடுங்கள்.

இதோடு சேர்த்து மற்றவர்களுக்கும். தோவாளைச் சந்தைக்குப் பூப் போகும் ரோஜாத் தோட்டத்து இலை வேண்டாம், பூவுக்கு அடிக்கிற மருந்து இலையிலும் நிற்கும். ரப்பர் தோட்டத்தை ஒட்டிய வேலிச் செடியும் வேண்டாம். தென்மேற்குப் பருவமழைக்கு முன்னால் இலையுதிர்வு நோய்க்குத் தாமிர மருந்து அடிக்கும்போது பக்கத்துச் செடிகளிலும் படும். நர்சரியிலிருந்து வாங்கி வந்த செடியை உடனே கொடுக்காதீர்கள், புதுத்தளிர் வந்து முற்றும்வரை வைத்திருங்கள். கழுவினால் தூசிதான் போகும், செடிக்குள் ஊடுருவிய மருந்து போகாது.

வீட்டுக்குள்ளும் பாருங்கள். கொசுவர்த்திச் சுருள், பிளக்கில் மாட்டும் திரவம், எறும்புக்குக் கோடு போடும் சாக்கட்டி எல்லாம் பூச்சியைக் கொல்லவே செய்தவை. கூடு இருக்கும் அறையில் எதுவும் கூடாது. தெருவில் கொசுப்புகை அடிக்க வந்தால் அந்த அறை ஜன்னலைச் சாத்திவிடுங்கள்.

கேள்வி (தக்கலை): இலை வாடாமல் இருக்கப் பாட்டில் தண்ணீரில் வைத்தேன். குஞ்செல்லாம் அதில் விழுந்து செத்தது.

பதில்: வாய் குறுகிய பாட்டிலாக எடுத்து, கொப்பைச் சுற்றிப் பஞ்சை இறுக்கமாக அடைத்துவிடுங்கள். குஞ்சு 1 செ.மீ. நீளந்தான், சின்ன இடுக்கும் அதற்கு வாசல். குஞ்சுகளை முதல் இரண்டு உரிப்பு வரை கைக்கடக்கமான தனி டப்பாவில், மூடிக்குப் பதில் மெல்லிய துணி கட்டி வையுங்கள். கொய்யா இலையின் ஓரம் அவற்றுக்குக் கடினம். கத்தரியால் ஓரத்தைச் சீவிவிட்டால் அந்த வெட்டிலிருந்து தின்னத் தொடங்கும்.

கேள்வி (குளச்சல்): எறும்பு, பல்லி இரண்டுக்கும் என்ன வழி?

பதில்: பழைய சாப்பாட்டு அலமாரிக்குச் செய்வதுதான். நாலு காலுக்கும் கீழே நாலு தண்ணீர்க் கிண்ணம். டெங்கு சோதனைக்கு வருபவர்களிடம் திட்டு வாங்காமல் இருக்கத் தண்ணீரில் கொஞ்சம் சமையல் எண்ணெய் விடுங்கள். கூடு சுவரைத் தொடக்கூடாது. வெளியிலிருந்து கொப்பு ஒடித்து வரும்போது ஒருமுறை உதறுங்கள், கொய்யாவிலும் மாவிலும் முசுறு எறும்பு கூடவே வந்துவிடும். பல்லிக்கு வலையில் ஓட்டை இல்லாமல் இருந்தாலே போதும்.

கேள்வி (மார்த்தாண்டம்): ஒரே ஒரு பூச்சிதான் இருக்கிறது. ஆனால் காகிதத்தில் முட்டை போல உருண்டை உருண்டையாகக் கிடக்கிறது. ஆண் இல்லாமல் எப்படி?

பதில்: முதலில் அது முட்டைதானா என்று பாருங்கள். எச்சம் விரலால் நசுக்கினால் பொடியாகும், ஒன்றுபோல் ஒன்று இருக்காது. முட்டை கெட்டியாக, எல்லாம் ஒரே அச்சாக இருக்கும், ஒரு முனையில் மூடி தெரியும். சில இனங்களில் அந்த மூடியின் மேல் வெளிர்மஞ்சளாக ஒரு குமிழ் இருக்கும். அந்தக் குமிழுக்காகத்தான் எறும்புகள் முட்டையைப் புற்றுக்குத் தூக்கிப் போகும். குமிழைத் தின்றுவிட்டு முட்டையை விட்டுவிடும்.

ஆணில்லாமலே பெண் இடும் முட்டை பொரிப்பது குச்சிப்பூச்சிகளில் பல இனங்களுக்குச் சாதாரணம். பொரிப்பதெல்லாம் பெரும்பாலும் பெண்ணாகவே இருக்கும். இதில் உலகப் புகழ் பெற்றது நம் தமிழ்நாட்டுப் பூச்சிதான். கராசியஸ் மோரோசஸ் என்று பெயர், 1901இல் சினேட்டி என்ற பிரெஞ்சுக்காரர் வைத்தது. கொடைக்கானல் பக்கம் செண்பகனூரிலிருந்து போன பூச்சிகளின் வாரிசுகள் இன்றைக்கும் ஐரோப்பாவின் பள்ளிகளிலும் ஆய்வகங்களிலும் வளர்கின்றன. அங்கே ஆண் தென்படுவது அபூர்வம். வளர்ந்த பெண்ணின் முன்னங்கால் அடியில், உள்பக்கம், சிவப்பு பூசியது போலிருக்கும். காலை நீட்டி மடக்கினால்தான் தெரியும். உங்களுடையதில் இருக்கிறதா பாருங்கள். இருந்தாலும் அதுவேதான் என்று நான் படத்தை வைத்துச் சொல்ல மாட்டேன்.

முட்டையை ஒரு டப்பாவில் டிஷ்யூ காகிதத்தின் மேல் பரப்பி, காகிதம் லேசாக ஈரமாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். மோரோசஸ் என்றால் மூன்று நான்கு மாதம், வேறு இனம் என்றால் ஒரு வருடம்கூட ஆகலாம். தூக்கி எறிய அவசரப்படாதீர்கள்.

கேள்வி (கன்னியாகுமரி, பள்ளி ஆசிரியர்): வகுப்பில் காட்டப் பேச்சிப்பாறைப் பக்கம் காட்டிலிருந்து இரண்டு மூன்று பிடித்து வரலாமா?

பதில்: வேண்டாம் சார். கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயத்துக்குள் அனுமதி இல்லாமல் எந்த உயிரையும் எடுப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். குச்சிப்பூச்சியும் உயிர்தான். வளர்ப்பவர்களிடம் முட்டை கேட்டு வாங்குங்கள். முட்டையிலிருந்து தொடங்கினால் பிள்ளைகளுக்கு முழு வாழ்க்கையும் பார்க்கக் கிடைக்கும். பிள்ளைகள் அதைப் பிடித்துத் தூக்கக் கூடாது, கையை அதன் முன்னால் வைத்தால் தானே ஏறிவரும். தொடும் முன்னும் பின்னும் கை கழுவட்டும், சானிடைசர் ஈரத்தோடு தொட வேண்டாம்.

கேள்வி (அழகியமண்டபம்): முள்ளு வைத்த ஆஸ்திரேலியக் குச்சிப்பூச்சி முட்டை ஆன்லைனில் வருகிறதே, வாங்கவா?

பதில்: வாங்காதீர்கள். உயிருள்ள பூச்சியோ முட்டையோ வெளிநாட்டிலிருந்து வர 2003ஆம் ஆண்டுத் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி அரசு அனுமதி வேண்டும்.

கேள்வி (மார்த்தாண்டம், முன்பு கேட்டவர்): எல்லாம் பொரித்தால் நூற்றுக்கணக்கில் ஆகிவிடுமே? தோட்டத்தில் விட்டுவிடலாமா?

பதில்: ஒரு பெண் வாழ்நாளில் சில நூறு முட்டை இடும், எல்லாவற்றையும் பொரிக்கவிட்டால் கொய்யா மரம் மொட்டையாகும். உங்கள் தோட்டத்தில் பிடித்ததென்றால் முட்டையை அதே மரத்தடியில் போடலாம். வேறு ஊரிலிருந்து வந்ததென்றால் விடாதீர்கள், குப்பையிலும் போடாதீர்கள். நம்முடைய மோரோசஸே கலிபோர்னியாவின் தென்பகுதியில் வளர்ப்பிலிருந்து தப்பி, அங்கே ரோஜாவையும் செம்பருத்தியையும் தின்று தொல்லை கொடுக்கிறது. தேவைக்கு ஒரு பத்துப் பதினைந்து முட்டையை எடுத்துவைத்துவிட்டு, மீதியை ஒரு டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் மூன்று நாள் வைத்து, அப்புறம் கொட்டுங்கள். டப்பாவின் மேல் என்னவென்று எழுதி ஒட்டுங்கள், வீட்டில் யாராவது கடுகு என்று எடுத்துவிடப் போகிறார்கள்.