பாறைக்குக் கறுப்பு வேண்டாம்

கேள்வி: பிரெஞ்சு ஓவியர் மோனேயின் பெல் ஈல் கடற்பாறைகளை, அச்சுப் படம் பார்த்து 16×20 அங்குல கேன்வாஸில் ஆயில் பெயின்டில் வரைகிறேன். பாறைகள் கரி பூசினாற்போல் இருக்கின்றன. அலை நுரை சேறாகிவிடுகிறது. 2 வாரமாகியும் பெயின்ட் காயவில்லை. எங்கே தப்பு?
– வாசகி, திருநகர், மதுரை

பதில்: முதலில் கறுப்பு ட்யூபை எடுத்து ஓரமாக வையுங்கள். பிரான்ஸின் பிரிட்டனி (Brittany) கரைக்கு அப்பால் உள்ள பெல் ஈல் தீவில் 1886-இல் தங்கி, மோனே வரைந்த பாறைகளை உற்றுப் பாருங்கள். நீலம், ஊதா, கரும்பச்சை, செம்பழுப்பு எனத் தீற்றல்கள் அடுத்தடுத்துக் கிடக்கும். அவற்றைச் சேர்த்து இருட்டாக்கிக்கொள்வது நம் கண்தான். அல்ட்ராமரைன் நீலம் 2 பங்கு, பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு 1 பங்கு எடுங்கள். நீலம் தூக்கலாக இருந்தால் நிழல் பக்கம். சியன்னா தூக்கலானால் வெயில் பக்கம். முழுக்கக் குழைத்துவிடாதீர்கள், பாதிக் கலவையிலேயே பிரஷ்ஷில் எடுங்கள். பாறைக்குச் செங்குத்தான தீற்றல், தண்ணீருக்குக் கிடைமட்டமாக, சற்றே வளைந்த குட்டைத் தீற்றல்.

ஒருநாள் காலையிலும் மாலையிலும் ஒத்தக்கடை போய் யானைமலையைப் பாருங்கள். வெயில் சாயும்போது அந்தப் பாறையின் நிழலில் எத்தனை நிறம் இருக்கிறது என்பது, அச்சுப் படத்தைவிட அங்கே நன்றாகத் தெரியும்.

நுரை சேறாவது ஏன்? ஈரமான கரும் நிறத்தின் மேல் வெள்ளையைத் தேய்ப்பதால். நுரை வரும் இடத்தை ஆரம்பத்திலேயே காலியாக விட்டுவிடுங்கள். 8-ஆம் எண் தட்டை பிரஷ், முரட்டு முடியில். ஒரு தீற்றலுக்கு ஒருமுறை பழைய வேட்டித் துணியில் துடைத்துவிட வேண்டும். வைத்த இடத்தை மறுபடி தொடாதீர்கள். நிழலில் உள்ள நுரைக்கு வெள்ளையோடு துளி கோபால்ட் நீலம், துளி ரோஸ். சுத்த வெள்ளை கடைசியில்தான், பெயின்ட் பூசும் கத்தியால் தடிமனாக.

காய்வதைப் பற்றி: ஆயில் பெயின்ட் ஈரம் வற்றிக் காய்வதில்லை, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுகிறது. தடித்த பூச்சுக்கு 2 வாரம் போதாது, மதுரை வெயிலிலும்கூட. ஆனால் தேங்காய் எண்ணெய் கலந்திருந்தால் எத்தனை மாதமானாலும் இறுகாது. சுரண்டி எடுக்க வேண்டியதுதான். முதல் பூச்சுக்கு டர்பன்டைன் மட்டும், மேல் பூச்சுகளுக்குச் சில சொட்டு ஆளிவிதை எண்ணெய். மாற்றிச் செய்தால் மேல்பூச்சு வெடிக்கும். காயும்வரை பீரோவில் பூட்டாமல் வெளிச்சமும் காற்றும் வரும் அறையில் வையுங்கள். இருட்டில் ஆளிவிதை எண்ணெய் மஞ்சளிக்கும், உங்கள் நுரைதான் முதலில் பாழாகும். வார்னிஷ் 6 மாதம் கழித்து.