அப்பா விட்டுச் சென்ற கனடா 100 டொலர் தங்க நாணயங்களின் உண்மையான மதிப்பு என்ன? நகைக்கடையில் கொடுத்துவிடலாமா?

கொடுக்க வேண்டாம். குறைந்தது, கடைக்காரர் சொன்ன அந்த விலைக்குக் கொடுக்க வேண்டாம். 1976 மொன்றியல் ஒலிம்பிக் நாணயம் இரண்டும் பிந்திய ஆண்டுகளின் நாணயங்கள் சிலவும் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். எல்லாவற்றிலும் 100 டொலர் என்று பொறித்திருப்பதால் எல்லாவற்றுக்கும் ஒரே விலை சொன்னார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அங்கேதான் பிழை. இந்தத் தொடரில் ஒரு நாணயத்தில் இருக்கும் தங்கம் இன்னொன்றில் இருப்பதைப் போல இரண்டு மடங்காக இருக்கலாம். முகமதிப்பை வைத்து அது தெரியாது.

1976ஐ முதலில் பார்ப்போம், ஏனென்றால் ஏமாறுவது பெரும்பாலும் அந்த ஆண்டில்தான். அந்த ஆண்டு கனேடிய நாணயச்சாலை ஒரே படத்தோடு இரண்டு தங்க நாணயங்களை வெளியிட்டது. கிரேக்கத் தெய்வம் அதீனா ஒரு விளையாட்டு வீரனோடு நிற்கும் படம். டோரா டி பெடெரி-ஹன்ட் என்ற சிற்பி வடித்தது. ஒன்று 14 கரட்: 13.34 கிராம் எடை, 27 மில்லிமீற்றர் விட்டம், உள்ளே கால் அவுன்ஸ் சுத்தத் தங்கம். மற்றது 22 கரட் புரூஃப் (சேகரிப்பவர்களுக்காகக் கண்ணாடிப் பளபளப்போடு அடிக்கும் வகை): 16.97 கிராம் எடை, 25 மில்லிமீற்றர் விட்டம், உள்ளே அரை அவுன்ஸ். அதாவது பார்வைக்குப் பெரிதாக இருப்பதில்தான் தங்கம் பாதி. விளிம்பை ஒட்டி மணிமணியாகப் புள்ளி வளையம் ஓடினால் அது 14 கரட். அந்த வளையம் இல்லாமல் பின்னணி கண்ணாடிபோலப் பளபளத்தால் 22 கரட். சந்தேகம் இருந்தால் தராசில் வையுங்கள். மூன்றரை கிராம் வித்தியாசத்தைச் சாதாரண டிஜிற்றல் தராசே காட்டிவிடும்.

மற்ற ஆண்டுகள் இலகு. 1977 தொடக்கம் 1986 வரை வந்தவை எல்லாம் 22 கரட், அரை அவுன்ஸ். 1987இல் கல்கரி குளிர்கால ஒலிம்பிக்குக்காக வெளியிட்டதிலிருந்து 2003 வரை வந்தவை 14 கரட், கால் அவுன்ஸ். இந்த இரண்டு காலத்து நாணயங்களுக்கும் விட்டம் 27 மில்லிமீற்றர்தான் என்பதால் அளவைப் பார்த்துப் பிரிக்க முடியாது. ஆண்டைப் பாருங்கள், எடையைப் பாருங்கள்.

இனிக் கணக்கு. அன்றைய தங்க விலையைக் கனேடிய டொலரில், ஒரு ட்ரோய் அவுன்ஸுக்கு, அதாவது 31.1 கிராமுக்கு எடுங்கள். அரை அவுன்ஸ் நாணயத்துக்கு அதில் பாதி, கால் அவுன்ஸுக்குக் கால். அவுன்ஸ் 4,000 டொலர் என்று வைத்தால் ஒன்று 2,000, மற்றது 1,000. எங்கள் ஆட்களுக்குப் பவுண் கணக்கில் சொன்னால் உடனே விளங்கும்: 22 கரட் நாணயம் ஒன்று, நகைத் தங்கத்தில் இரண்டு பவுணுக்குச் சற்றுக் கூட. இந்தக் கணக்கைத் தாளில் எழுதிக்கொண்டுதான் எந்தக் கடைக்குள்ளும் போக வேண்டும்.

அதற்கு மேல் சேகரிப்பு மதிப்பு என்று ஏதும் கிடைக்குமா? இந்தத் தொடரில் அனேகமாகக் கிடைக்காது. காரணம் தொடக்கத்திலேயே இருக்கிறது. 1976இல் 14 கரட் நாணயத்தை 105 டொலருக்கும் 22 கரட் புரூஃபை 150 டொலருக்கும் விற்றார்கள். அந்த ஆண்டு தங்கம் சராசரியாக அவுன்ஸ் 125 டொலர் அளவில்தான் நின்றது. ஆக, ஏறத்தாழ 31 டொலர் தங்கத்துக்கு மக்கள் 105 டொலர் கொடுத்தார்கள். 14 கரட் ஐந்து இலட்சத்துக்கு மேலும் 22 கரட் மூன்று இலட்சத்துக்கு மேலும் அடிக்கப்பட்டன. வாங்கியவர்கள் பெட்டியோடும் சான்றிதழோடும் பத்திரமாக வைத்தார்கள். எல்லோரும் பத்திரமாக வைத்தால் எது அரிதாகும்? முதலில் வாங்கியவர் கூட்டிக் கொடுத்த காசு அன்றைக்கே கரைந்துவிட்டது. இன்றைய விலை உயர்வு முழுவதும் தங்கத்தின் உயர்வு.

அதே சமயம், முகமதிப்பை வெறும் அலங்காரம் என்று ஒதுக்கிவிடவும் கூடாது. 1999 நடுப்பகுதியில் தங்கம் அவுன்ஸ் 255 அமெரிக்க டொலர் அளவுக்கு விழுந்தபோது, கால் அவுன்ஸ் நாணயத்தில் இருந்த தங்கம் கனேடியக் காசில் நூறு டொலருக்கும் கீழே போனது. சட்டப்படி செல்லும் நாணயம் என்பதால் நூறு டொலர் என்ற தரை அப்போது அதைத் தாங்கியது. இன்றைய விலையில் அந்தத் தரையை யாரும் நினைப்பதில்லை, அவ்வளவுதான்.

எண்ணிக்கை குறைந்தால் விலை ஏறும் என்று பலர் நம்புகிறார்கள். இதே தொடரில் 2002இல் வந்த லெடூக் எண்ணெய்க் கண்டுபிடிப்பு நாணயமும் 2003இல் வந்த மார்க்கிஸ் கோதுமை நாணயமும் பத்தாயிரத்துக்கும் குறைவாகத்தான் விற்றன. இருந்தும் தங்க விலையை விட்டு அதிகம் மேலே போகவில்லை, ஏனென்றால் தேடுகிறவர்களும் குறைவு. எதிர் உதாரணம் அமெரிக்காவில் உண்டு. 1997இல் பேஸ்போல் வீரர் ஜாக்கி ரொபின்சனுக்காக ஐந்து டொலர் தங்க நாணயம் வந்தது. (அவர் புரூக்ளின் டொட்ஜர்ஸுக்குப் போகுமுன் 1946இல் மொன்றியல் அணிக்கு ஆடியவர். அதனால் எனக்கு அதில் கூடுதல் பிரியம்.) அதற்கு முந்திய ஆண்டுகளில் அட்லாண்டா ஒலிம்பிக் பெயரில் நாணயங்களை அள்ளி இறைத்திருந்தார்கள். சேகரிப்பவர்கள் களைத்துப்போய் வாங்குவதை நிறுத்தியிருந்த நேரம். புரூஃப் அல்லாத வகை 5,174 மட்டுமே விற்றது. பிறகு முழுத் தொடரையும் சேர்க்க நினைத்த ஒவ்வொருவருக்கும் அது தேவைப்பட்டது. நீண்ட காலம் தன் தங்க விலையைப் போலப் பல மடங்குக்கு விலைபோனது. வெளிவந்த நாளில் யாருக்கும் வேண்டாததாக இருந்து, பிறகு எல்லோருக்கும் வேண்டியதாக மாறும் நாணயம்தான் விலையேறுகிறது. விளம்பரத்தில் 'குறைந்த எண்ணிக்கை மட்டுமே' என்று கூவி விற்கப்படுவதற்கு அந்த வாய்ப்பு மிகவும் குறைவு.

விற்பதற்கு முன் வரியைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள். கனடாவில் 99.5 வீதத் தூய்மைக்குக் குறையாத தங்கக் கட்டிக்கும் நாணயத்துக்கும் விற்பனை வரி இல்லை. 22 கரட்டும் 14 கரட்டும் அந்தத் தூய்மைக்குக் கீழே. ஆகவே உங்கள் நாணயத்தைக் கடைக்காரர் ஒன்ராறியோவில் திருப்பி விற்கும்போது 13 வீத வரி சேரும். அதே தங்கம், கனடாவின் தூய தங்க நாணயமான மேப்பிள் லீஃபாக வரியின்றிக் கிடைக்கும்போது யார் இதை வாங்குவார்? அதை மனதில் வைத்துத்தான் அவர் விலை சொல்வார். தங்க மதிப்பை விடச் சில வீதம் குறைத்துச் சொன்னால் நியாயம். கால் பங்கைக் குறைத்துச் சொன்னால் நன்றி சொல்லிவிட்டு வெளியே வாருங்கள். 'இன்றைய விலையில் எத்தனை வீதம் தருவீர்கள்?' என்றே கேளுங்கள். மொத்தத் தொகையாகச் சொல்லும் விலையை ஒப்பிட்டுப் பார்ப்பது கடினம். நகைக்கடையோடு நிற்காமல் நாணய வியாபாரிகளிடமும் கேளுங்கள். நகைக்கடையில் உருக்கிச் சங்கிலியாக்கினால் செய்கூலியும் சேதாரமும் போய், நாணயமும் போய்விடும். 14 கரட் நாணயமோ 22 கரட் நகைக்கு அப்படியே உதவாது. கலப்பை எடுத்துச் சுத்தப்படுத்த வேண்டும்.

மினுக்க வேண்டாம். துணியாலும் துடைக்க வேண்டாம். புரூஃப் நாணயத்தில் விரல் பட்டால் காலப்போக்கில் அந்த இடம் செம்பு நிறக் கறையாகும். எடை பார்க்கப் பிளாஸ்டிக் கூட்டிலிருந்து எடுத்தால் விளிம்பைப் பிடித்தே எடுங்கள். பெட்டியும் சான்றிதழும் சேர்ந்தே இருக்கட்டும். பிசிஜிஎஸ், என்ஜிசி போன்ற நிறுவனங்களுக்கு அனுப்பித் தரம் இட வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். இந்த நாணயங்களுக்குத் தேவையில்லை. நவீன புரூஃப்களில் பெரும்பாலானவை உயர்ந்த தரத்திலேயே இருப்பதால், கட்டணம் திரும்பி வராது.

இனி வாங்கிச் சேர்க்கலாமா என்ற கேள்விக்கு என் பதில்: தாராளமாக, ஆனால் பழையதாக. புதிதாக வெளியிடும் நினைவு நாணயத்தை நாணயச்சாலையிலேயே வாங்கினால், 1976இல் 105 டொலர் கொடுத்தவரின் இடத்தில் நீங்கள் இருப்பீர்கள். நான் இந்தத் தொடரை விரும்பிச் சேர்ப்பதே, முதல் ஆள் அந்தக் காசை இழந்து முடித்துவிட்டதால்தான். தங்க விலையை ஒட்டியே ஒரு கலைவேலை கைக்கு வருகிறது. தனி ஒருவர் இன்னொரு தனியாளிடம் வாங்கினால் அந்த 13 வீதமும் இல்லை. 1978 நாணயத்தைப் பாருங்கள்: பன்னிரண்டு கனடா வாத்துகள் அணிவகுத்துப் பறக்கும், அன்றைய பத்து மாகாணங்களுக்கும் இரண்டு ஆட்புலங்களுக்கும் ஒவ்வொன்றாக. 1980இல் ஆர்க்டிக் கடலில் கயாக் ஓட்டும் இனுவிட் மனிதர். 1985இல் தேசியப் பூங்காக்களின் நூற்றாண்டுக்கு வளைந்த கொம்புள்ள மலையாடு. 27 மில்லிமீற்றருக்குள் இப்படி வேலை செய்திருப்பதைத் தட்டானிடம் உருக்கக் கொடுக்க எனக்கு மனம் வராது. உங்களுக்குக் காசு தேவையென்றால் 1976இன் 14 கரட்டையும் 1987க்குப் பிந்தியவற்றையும் முதலில் விற்றுவிட்டு, இந்த மூன்றும் உங்களிடம் இருந்தால் கடைசி வரை வைத்திருங்கள்.

இன்னொன்று, பலர் தவறவிடுவது. அப்பா காலமான நாளின் தங்க விலையைத் தேடி எடுத்து, நாணயங்களின் பட்டியலோடு எழுதி வையுங்கள். கனேடிய வருமான வரியில் ஒருவர் இறக்கும் நாளில் அவருடைய சொத்து சந்தை விலைக்கு விற்றதாகவே கொள்ளப்படும். உங்களுக்கு அந்த விலைதான் வாங்கிய விலை. சேகரிப்பு நாணயங்கள் தனி வகைச் சொத்து என்பதால், விற்குமுன் அந்தத் தாளைக் கணக்காளரிடம் ஒருமுறை காட்டுங்கள்.