மச்சானின் ரோலர் கோஸ்டருக்கு நீங்கள் கட்டும் வட்டி

கேள்வி: சார், எனக்கு வயது 41. குன்னூர் பக்கத்தில் ஒரு டீ ஃபேக்டரியில் ஆபீஸ் வேலை. சம்பளம் கைக்கு 34,000. மனைவி வீட்டில் சாக்லேட் செய்து ஊட்டியில் இரண்டு கடைகளுக்குக் கொடுக்கிறார். சீசனில் மாதம் இருபதாயிரம் வரும், மழைக்காலத்தில் ஐந்தாயிரம் தேறினால் பெரிது. மகன் எட்டாவது, மகள் நான்காவது. போன மே மாதம் கேத்தியிலிருந்து அக்கா குடும்பம், கோத்தகிரியிலிருந்து மச்சான் குடும்பம், நாங்கள் நால்வர் என்று பத்துப் பேர் பெங்களூர் வண்டர்லா பொழுதுபோக்குப் பார்க் போனோம். ஆயுத பூஜை லீவில் மறுபடியும் போனோம். இரண்டு முறையும் என் கிரெடிட் கார்டில்தான் செலவு, ஒவ்வொரு முறையும் 46,000. ‘அப்புறம் ஜிபே பண்றோம்’ என்றார்கள். அக்கா 5,000 அனுப்பினார், அதோடு சரி. கார்டில் இப்போது 1,18,000 நிற்கிறது. மாதம் தவறாமல் மினிமம் 5,900 கட்டுகிறேன், குறையவே மாட்டேன் என்கிறது. ஒரு ஆப்பில் மாதம் 2 சதவீத வட்டிக்கு ஒன்றரை லட்சம், 24 மாதத் தவணையில் தருகிறார்களாம். வாங்கி அடைத்துவிடலாமா? போன வாரம் கோவையில் ஒரு மாலில் பரிசுக் கூப்பன் எழுதிப் போட்டோம். கூப்பிட்டு, 2,40,000 ரூபாய்க்கு ஹாலிடே கிளப் மெம்பர்ஷிப் என்றார்கள். 15,000 அட்வான்ஸ் கட்டிவிட்டேன். மே மாதம் மறுபடியும் பார்க் போகலாம் என்று மச்சான் குரூப்பில் போட்டிருக்கிறார். மனைவியிடம் மூன்று சவரன் வளையல் இருக்கிறது. ஆனால் கடன் நாற்பதாயிரம் என்றுதான் அவருக்குத் தெரியும். என்ன செய்வது?

பதில்: கிளப் விஷயம் நாள் கணக்குள்ள விவகாரம் என்பதால் கடிதம் பார்த்த அன்றே உங்களுக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன். மற்றவர்களுக்காக அதைக் கடைசியில் எழுதுகிறேன். இப்போது கார்டுக்கு வருவோம்.

பட்ஜெட் போடுங்கள், சேமியுங்கள் என்றெல்லாம் உங்களுக்குச் சொல்லப்போவதில்லை. ஃபேக்டரியில் ஊர்க்காரர்களின் பச்சைத் தேயிலைக் கணக்கை எழுதுகிற மனிதருக்கு அது தெரியாதா என்ன? தெரிந்துகொண்டே கண்ணை மூடிக்கொள்ளும் இடம் ஒன்று இருக்கிறது. மினிமம் கட்டியதும் ‘இந்த மாதம் கட்டியாயிற்று’ என்று நினைக்கிறீர்களே, அந்த இடம்.

உங்கள் 5,900 எங்கே போகிறது என்று பாருங்கள். பெரும்பாலான கார்டுகளில் வட்டி மாதம் மூன்றரை சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். 1,18,000-க்கு அது 4,130. அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு, அது 743. ஆக 4,873 அப்படியே காணாமல் போகிறது. அசலில் கழிவது ஆயிரம் ரூபாய்ச் சொச்சம். சரி, ஆயிரமாவது குறைய வேண்டுமே, ஏன் குறையவில்லை? போனில் கேட்டபோது சொன்னீர்கள்: பெட்ரோலுக்கும் மளிகைக்கும் அதே கார்டைத்தான் தேய்க்கிறீர்கள், மாதம் நாலாயிரம் போல. பழைய பாக்கி நிற்கும்வரை புதிதாகத் தேய்ப்பதற்கு அந்த நாற்பது, ஐம்பது நாள் வட்டியில்லாச் சலுகை கிடையாது. தேய்த்த நாளிலிருந்தே வட்டி. பின்பக்கத்தில் ஓட்டை விழுந்த கூடையில் இலை பறிக்கிற கதைதான். வருடக் கணக்கில் பார்த்தால் ஜிஎஸ்டியோடு சேர்த்து ஐம்பது சதவீத வட்டி. மார்க்கெட்டில் கந்துவட்டிக்காரர் இந்தக் கணக்கைக் கேட்டால் தன்னை நல்லவர் என்று நினைத்துக்கொள்வார்.

அடுத்து, யாருக்காக இந்த வட்டி? ஒரு ட்ரிப்புக்கு நீங்கள் எழுதிய கணக்கு: டிக்கெட் 17,000, வேன் 14,000, மைசூரில் மூன்று அறை 7,500, சாப்பாடு 5,000, நைலான் உடை, லாக்கர், சவாரியில் கத்திக்கொண்டிருக்கும்போது எடுத்த போட்டோ எல்லாம் சேர்த்து 2,500. பத்துப் பேருக்கு 46,000 என்றால் உங்கள் நால்வர் பங்கு 18,400. மீதி 27,600 மற்றவர்களுடையது. இரண்டு முறைக்கு 55,200. அக்கா தந்த ஐயாயிரம் போக 50,200. ஐம்பது சதவீதத்துக்குக் கடன் வாங்கி, வட்டியில்லாமல் அக்காவுக்கும் மச்சானுக்கும் கொடுத்திருக்கிறீர்கள். எந்த வங்கியும் இப்படி ஒரு தொழிலைச் செய்து பிழைத்ததில்லை.

அந்த ஏழாயிரத்தைந்நூறு அறை வாடகையைப் பற்றி ஒரு வார்த்தை. நம் மலையிலிருந்து மைசூர் போகும் பந்திப்பூர் காட்டுவழி இரவு ஒன்பது மணி முதல் காலை ஆறு மணி வரை மூடல். 2009 முதல் இதுதான் நடைமுறை. பார்க் மூடும் நேரம் வரை தண்ணீரில் கிடந்துவிட்டு, வண்டர்லா இருக்கும் பிடதியிலிருந்து கிளம்பினால், எக்ஸ்பிரஸ் சாலையில் பறந்தாலும் செக்போஸ்ட் மூடுவதற்குள் போக முடியாது. அதனால் மைசூரில் தங்கல். போகும்போதும் ஆறு மணிக்கு முன்னால் காட்டுக்குள் நுழைய வழியில்லை. வாசலில் டிக்கெட் காட்டும்போது மணி பதினொன்றரை, சனிக்கிழமைக் கூட்டம் வேறு. முழு நாள் டிக்கெட்டுக்கு அரை நாள் பார்க். ரோலர் கோஸ்டர் க்யூவில் ஒரு மணி நேரம் நின்று இரண்டு நிமிடம் பறக்கிறீர்கள். சீக்கிரம் கிளம்பி வண்டியை விரட்டுங்கள் என்று நான் சொல்லமாட்டேன், அது யானை கடக்கிற சாலை. நீலகிரியில் இருந்துகொண்டு பெங்களூர் பார்க்கை வார இறுதி வேலையாகச் செய்தால் இந்தச் செலவு ஒட்டிக்கொண்டே வரும் என்பதற்காகச் சொல்கிறேன்.

இப்போது ஆப் கடன். மாதம் 2 சதவீதம் கார்டின் மூன்றரையைவிடக் குறைவு என்று உங்களுக்குத் தோன்றியிருக்கிறது. அந்த 2 சதவீதம் ஃப்ளாட் வட்டி. ஒன்றரை லட்சத்துக்கு மாதம் 3,000 வீதம் 24 மாதத்துக்கு 72,000. மொத்தம் 2,22,000. மாதத் தவணை 9,250. இருபதாவது மாதத்தில் அசல் பெரும்பாலும் அடைந்திருக்கும், அப்போதும் முழு ஒன்றரை லட்சத்துக்கே வட்டி போட்டுக்கொண்டிருப்பார்கள். நிலுவைக்கு மட்டும் வட்டி என்று கணக்குப் போட்டால் அது மாதம் 3.4 சதவீதம்! கார்டுக்குப் பதிலாகக் கார்டையே வாங்குகிறீர்கள். இதற்கு மேல் பிராசஸிங் கட்டணத்தை முன்கூட்டியே பிடித்துக்கொண்டுதான் பணம் கையில் வரும். கடன் கொடுப்பவர் கடனின் முக்கிய விவரங்கள் அடங்கிய கேஎஃப்எஸ் என்ற ஒரு தாளைத் தரவேண்டும், அதில் ஏபிஆர் என்று ஒரு வரி இருக்கும். எல்லாக் கட்டணமும் சேர்ந்த உண்மையான வருட வட்டி அதுதான். யார் எந்தக் கடனை நீட்டினாலும் அந்த வரியை மட்டும் படியுங்கள். உங்களுக்கு அடைக்க வேண்டியது 1,18,000, ஆப் தருவது ஒன்றரை லட்சம். மீதி 32,000 எதற்கு? மே மாத ட்ரிப்புக்கா?

வளையல்தான் வழி. நகையை அடகு வைக்கச் சொல்வது எனக்கும் உவப்பானதில்லை. ஆனால் வங்கியில் நகைக் கடன் வருடம் 10 சதவீதத்தை ஒட்டிக் கிடைக்கும். இன்றைய தங்கத்தின் விலைக்கு மூன்று சவரனுக்கு நீங்கள் கேட்கும் தொகை தாராளமாக வரும். இப்போது கட்டும் 5,900-உடன் இரண்டாயிரத்துச் சொச்சம் சேர்த்து மாதம் 8,000 ஒதுக்குவதாக வைத்துக்கொள்வோம். கார்டிலேயே வைத்துக் கட்டினால், இனி ஒரு ரூபாய்கூடத் தேய்க்காவிட்டாலும் 23 மாதத்துக்கு மேல் ஆகும், மொத்தம் 1,85,000 போல. நகைக் கடனில் 16 மாதம், மொத்தம் 1,26,000 போல. வித்தியாசம் ஏறக்குறைய 59,000.

இதில் ஒரு குழி உண்டு. பெரும்பாலான நகைக் கடன்களில் வருடக் கடைசியில் மொத்தமாகக் கட்டினால் போதும் என்பார்கள். நாமும் சும்மா இருந்துவிட்டு, தவணை வரும்போது வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைப்போம். அப்புறம் அதுவும் மினிமம் டியூ மாதிரிதான், வளையல் மட்டும் வங்கியில் இருக்கும். ஆகவே மாதத் தவணையாகவே கேளுங்கள். இல்லை என்றால், சம்பள நாளன்றே எட்டாயிரத்தைக் கடன் கணக்கில் போட்டுவிடுங்கள், பகுதி பகுதியாக வாங்கிக்கொள்வார்களா என்று முதலிலேயே கேட்டுக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள்.

கார்டை முழுசாகக் கட்டிய அடுத்த மாதமும் ஸ்டேட்மென்ட்டில் கொஞ்சம் வட்டி வரும். பில் போட்ட நாளுக்கும் நீங்கள் கட்டிய நாளுக்கும் இடைப்பட்ட வட்டி அது. ‘கட்டியாயிற்றே’ என்று விட்டுவிடாதீர்கள், அதற்கு அபராதம் சேரும். அதையும் கட்டிவிட்டு லிமிட்டை இருபதாயிரத்துக்குக் குறைத்துவிடுங்கள். அடைத்து முடித்த கார்டு காலியான தொட்டி மாதிரி. ஆறு மாதத்தில் நிரப்பிவிட்டு மறுபடியும் எனக்குக் கடிதம் எழுதியவர்கள் உண்டு.

மனைவியிடம் 1,18,000 என்று சொல்லாமல் வளையலைக் கேட்க முடியாது. இன்றைக்கே சொல்லுங்கள். அவருடைய அண்ணன் பங்கும் அதில் இருக்கிறது என்பதால் கொஞ்சம் கஷ்டமான பேச்சுதான். முதலில் உங்கள் அக்கா தரவேண்டியதைச் சொல்லிவிட்டு அப்புறம் மச்சான் கணக்குக்கு வாருங்கள். வரிசை மாறினால் பேச்சு வேறு பக்கம் போய்விடும், முப்பது வருடமாகக் குடும்பங்களின் கணக்கைப் பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன்.

பழைய ஐம்பதாயிரம் வருமா? முழுசாக வராது என்று வைத்துக்கொள்ளுங்கள். அக்காவிடம் கேட்கலாம், ஐயாயிரம் அனுப்பியவருக்குக் கொடுக்கும் மனம் இருக்கிறது. மாதம் இரண்டாயிரம் என்றால் சங்கடப்படமாட்டார். மச்சானிடம் பழையதைக் கிளறுவதைவிட மே மாத மெசேஜுக்குப் பதில் போடுவது முக்கியம். ‘இந்த வருஷம் எனக்குக் கொஞ்சம் டைட். அவரவர் டிக்கெட் அவரவர் போனில் எடுத்துக்கலாம்’ என்று இரண்டு வரி. ஆன்லைனில் டிக்கெட் எடுப்பது கோத்தகிரியிலும் முடியும். ‘அக்கா பிள்ளைகளுக்கு நான் தாய்மாமன், எப்படிக் கேட்பது’ என்று போனில் இழுத்தீர்கள். காதுகுத்துக்கு மடியில் உட்காரவைத்துச் சீர் செய்தீர்கள் அல்லவா? ரோலர் கோஸ்டருக்குச் சீர் வைக்கும் வழக்கம் எந்தச் சாதியிலும் இல்லை.

பிள்ளைகளைக் கூட்டிப்போகவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வருடத்தில் பாதி நாள் ஸ்வெட்டரும் மழையுமாக வளர்கிற பிள்ளைகள். சமவெளிக்காரர்கள் குளிர் தேடி மலையேறும் அதே மே மாதத்தில், நம் பிள்ளைகளுக்கு வெயிலில் நனையும் ஆசை வருவது நியாயம்தான். மலை இறங்கியதும் மேட்டுப்பாளையத்துக்கு முன்னால் ஊட்டி ரோட்டிலேயே பிளாக் தண்டர் இருக்கிறது. காலையில் குன்னூரில் பஸ் ஏறினால் பிள்ளைகள் வாந்தி எடுத்து முடிப்பதற்குள் அடிவாரம் வந்துவிடும். சாயங்காலம் திரும்பிவிடலாம், வேனும் வேண்டாம், அறையும் வேண்டாம். மகனுக்குத் தலைகீழாகச் சுற்றுகிற பெரிய ரோலர் கோஸ்டர்தான் வேண்டும் என்றால் பிடதிக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை போங்கள், லீவு போட்டு வார நாளில் போங்கள், டிக்கெட்டும் குறையும் க்யூவும் குறையும். குழந்தை டிக்கெட்டை அங்கே வயதைப் பார்த்துத் தருவதில்லை, உயரத்தைப் பார்த்துத் தருகிறார்கள். மகன் வளர்கிற வேகத்தில் அதையும் அளந்துகொள்ளுங்கள்.

கடைசியாக அந்த ஹாலிடே கிளப். கூப்பனில் உங்களுக்கு விழுந்த பரிசு என்னவென்று சொன்னீர்கள்? ஊட்டியில் இரண்டு இரவு இலவசத் தங்கல்! குன்னூர்க்காரருக்கு. அதைக் கேட்டபோதே எழுந்து வந்திருக்கலாம். நானும் ஒரு காலத்தில் டின்னர் செட் தருகிறோம் என்று கூப்பிட்டதை நம்பி இப்படி ஒரு ஹாலில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருக்கிறேன், அதனால் உங்களைக் கேலி செய்ய எனக்கு உரிமையில்லை. 2,40,000 கட்டுவதோடு தீராது. போனாலும் போகாவிட்டாலும் வருடாவருடம் பராமரிப்புக் கட்டணம் உண்டு, அது ஏறிக்கொண்டே போகும். பள்ளி விடுமுறையில் கேட்டால் அறை கிடைப்பது கஷ்டம். விற்கலாம் என்றால் வாங்க ஆள் வராது.

கையெழுத்துப் போட்ட தாளில் இத்தனை நாளுக்குள் ரத்து செய்யலாம் என்று ஒரு பிரிவு இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். இருந்தால் அந்தக் கெடுவுக்குள் மெயிலிலும் ஸ்பீடு போஸ்ட்டிலும் ‘ரத்து செய்கிறேன், 15,000-ஐத் திருப்பித் தாருங்கள்’ என்று எழுதிவிட்டு ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பிரிவே இல்லாவிட்டாலும் எழுதுங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியலாம். பதினைந்தாயிரம் போனாலும் பரவாயில்லை, அதைக் காப்பாற்றுவதற்காக மீதி 2,25,000-ஐக் கட்டிவிடாதீர்கள். ‘நேரில் வாங்க சார், பேசித் தீர்த்துக்கலாம், ஃபேமிலியோட வாங்க’ என்று கூப்பிடுவார்கள். போகாதீர்கள், இந்த முறை டின்னர் செட்டோடு சேர்த்து மிக்ஸியும் தருவார்கள்.