யுஐ லைப்ரரி பொருத்துவது: கேள்வி பதில்

கேள்வி (ஜூரோங்): அக்கா, ஒரு டியூஷன் சென்டருக்கு ரியாக்டில் (ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி) வெப்சைட் செய்கிறேன். பட்டன், ஃபார்ம் எல்லாம் தயாராகத் தரும் யுஐ லைப்ரரிகளில் எம்யுஐ எடுப்பதா, ஷாட்சிஎன் எடுப்பதா?

பதில்: ஃபார்ம், டேபிள் என்று நிறைய வந்தால் எம்யுஐ. ஆனால் தேதி தெரிவு அதில் தனி பேக்கேஜ். தோற்றத்தை உங்கள் இஷ்டத்துக்கு மாற்றப்போகிறீர்கள் என்றால் ஷாட்சிஎன். அது கம்போனன்டின் (பட்டன் போன்ற ஒரு பகுதியின்) சோர்ஸ் கோடை அப்படியே உங்கள் ஃபோல்டரில் நகலெடுத்துப் போடும். அதனால் பின்னால் வரும் பிழைதிருத்தங்கள் தானாக வராது, நீங்கள்தான் சேர்க்க வேண்டும். டியூஷன் சென்டர் தளத்துக்கு இதுவே போதும்.

கேள்வி (ஈசூன்): எம்யுஐ போட்டவுடன் எமோஷன் இல்லை என்று எரர் வருகிறது.

பதில்: எமோஷன் என்பது எம்யுஐ தன் ஸ்டைல்களை எழுதப் பயன்படுத்தும் லைப்ரரி. அதனால் மூன்று பேக்கேஜ் வேண்டும்: எம்யுஐ மெட்டீரியல், எமோஷன் ரியாக்ட், எமோஷன் ஸ்டைல்ட். ரியாக்ட் பதிப்பு மோதினால் லெகஸி பியர் டெப்ஸ் (பதிப்பு மோதலைக் கண்டுகொள்ளாமல் நிறுவச் சொல்லும் அமைப்பு) போட்டு எரரின் வாயை அடைக்காதீர்கள். எந்த பேக்கேஜ் பழைய ரியாக்டைக் கேட்கிறது என்று அந்த எரரிலேயே இருக்கும். அதை அப்டேட் செய்யுங்கள்.

கேள்வி (செங்காங்): டெயில்விண்ட் 4 (தயாரான ஸ்டைல் கிளாஸ்கள் தரும் சிஎஸ்எஸ் கருவி) கிளாஸ் எதுவும் எம்யுஐ பட்டனில் ஒட்டவே மாட்டேன் என்கிறது. ஃபைல் வரிசையை மாற்றியும் பார்த்தாயிற்று.

பதில்: வரிசையை எத்தனை முறை மாற்றினாலும் பயனில்லை. டெயில்விண்ட் 4 தன் ஸ்டைல்களை சிஎஸ்எஸ் லேயருக்குள் (எந்த ஸ்டைல் முந்தும் என்று வரிசைப்படுத்தும் அடுக்கு) வைக்கிறது; எமோஷன் லேயருக்கு வெளியே எழுதுகிறது. சாதாரண விதிகளில் வெளியே இருப்பதுதான் ஜெயிக்கும். எம்யுஐயின் ஸ்டைல்ட் என்ஜின் ப்ரொவைடர் கம்போனன்டில் 'எனேபிள் சிஎஸ்எஸ் லேயர்' அமைப்பை ஆன் செய்யுங்கள். பிறகு லேயர் வரிசையை தீம், பேஸ், எம்யுஐ, கம்போனன்ட்ஸ், யுட்டிலிட்டிஸ் என்று அறிவியுங்கள். கடைசியில் இருப்பது வெல்லும். இந்த அறிவிப்பு மற்ற எல்லா ஸ்டைலுக்கும் முன்னால் வர வேண்டும்; இல்லாவிட்டால் முதலில் லோட் ஆவதே வரிசையைத் தீர்மானித்துவிடும்.

கேள்வி (உட்லண்ட்ஸ்): நான்கு மொழித் தளம். மற்ற மூன்றும் அழகாக இருக்கின்றன, தமிழ் மட்டும் அலங்கோலம்.

பதில்: எம்யுஐயின் இயல்பான ஃபான்ட் ரோபோட்டோ, அதில் தமிழ் எழுத்தே கிடையாது. விண்டோஸ் நிர்மலா யுஐயை எடுக்கும், மேக் வேறொன்றை எடுக்கும். எம்யுஐ தீமில் (நிறம், ஃபான்ட் அமைக்கும் இடம்) ரோபோட்டோவுக்கு அடுத்து நோட்டோ சான்ஸ் தமிழைச் சேர்த்து, அந்த ஃபான்டையும் லோட் செய்யுங்கள். அடுத்தது வரி உயரம். எச்1 தலைப்புக்கு எம்யுஐ வைத்திருப்பது 1.167. தலைப்பு இரண்டு வரியாக மடிந்தால் மேல் வரி 'ழு'வின் வால் கீழ் வரி 'கி'யின் வளைவில் இடிக்கும். 1.4 வையுங்கள். பட்டனுக்கு நிலையான அகலம் வேண்டவே வேண்டாம். ஆங்கில 'சப்மிட்' அடங்கும் இடத்தில் 'சமர்ப்பிக்கவும்' அடங்காது. டிசைனர்கள் தமிழைக் கடைசியில் ஒட்டுகிறார்கள். முதல் நாளே தமிழை வைத்துச் சோதித்தால் மற்றவற்றில் இந்தச் சிக்கல் பெரும்பாலும் வராது.

கேள்வி (பொங்கோல்): அரசாங்க ஏஜென்சி வேலை. எதை எடுப்பது?

பதில்: அரசாங்கத் தொழில்நுட்ப அமைப்பான கவ்டெக்கின் சிங்கப்பூர் அரசாங்க டிசைன் சிஸ்டம். உச்சியில் வரும் அரசாங்கப் பட்டையும் அதில் தயாராக இருக்கிறது. அதில் இருப்பவை வெப் கம்போனன்டுகள் (ரியாக்டைச் சாராமல் பிரவுசரே புரிந்துகொள்ளும் பகுதிகள்). ரியாக்ட் 18இல் அவற்றுக்கு ஆப்ஜெக்டை நேரடியாக அனுப்பினால் ஸ்ட்ரிங்காகிவிடும். 19இல் அந்தத் தொல்லை இல்லை.

கேள்வி (பிடோக்): எம்யுஐ தளத்தில் டெவ் சர்வர் (வேலை செய்யும்போது தளத்தை ஓட்டிப் பார்ப்பது) கிளம்பவே நேரமாகிறது.

பதில்: எம்யுஐ ஐகான் பேக்கேஜை மொத்தமாக இம்போர்ட் செய்திருப்பீர்கள். ஒவ்வொரு ஐகானையும் அதனதன் பாதையிலிருந்து தனியாக எடுங்கள்.