புது ஜீன்ஸ் சாயம் போவது ஏன்? மட்டமான துணியா?

சுங்கை சிப்புட் பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்கினாலும் கோலாலம்பூர் பேரங்காடியில் வாங்கினாலும், அடர்நீல ஜீன்ஸ் முதல் சலவையில் வாளியை நீலமாக்கத்தான் செய்யும்.

ஜீன்ஸ் தைக்கும் டெனிம் என்பது நீளவாக்கில் ஓடும் நீலப் பாவு நூலும் குறுக்கே ஓடும் வெள்ளை ஊடை நூலும் சேர்த்துச் சாய்வரியாக நெய்த கனத்த பருத்தித் துணி. உள்பக்கம் வெளுத்திருப்பது அதனால்தான். அந்த நீல நூலுக்கு ஏற்றும் சாயம் அவுரி நீலம் (இண்டிகோ). அது வெறும் தண்ணீரில் கரையாது. ரசாயனம் சேர்த்துக் கரைத்தால் மஞ்சள்பச்சையாகும். அதில் நூலை முக்கிக் காற்றில் காட்டினால் மீண்டும் நீலம். பலமுறை முக்கினாலும் சாயம் நூலின் மேற்புறத்தோடு நின்றுவிடும், நடு வெள்ளையாகவே இருக்கும். தோட்டத்து லயத்து வீட்டுச் சுவரில் அடித்த சுண்ணாம்பு மாதிரிதான்: உரசும் இடத்தில் உதிரும். முட்டியும் பை ஓரமும் முதலில் வெளுக்கும்.

1873இல் தையற்காரர் ஜேக்கப் டேவிஸும் துணி வியாபாரி லீவை ஸ்ட்ராஸும், பை ஓரம் கிழியாமல் அடிக்கும் செப்பு ஆணிக்குக் காப்புரிமை வாங்கியபோது ஜீன்ஸ் உழைப்பாளியின் உடை. இன்று அந்த வெளுப்புக்கே காசு கொடுக்கிறோம், வேடிக்கைதான்!

நிறம் நிற்க வேண்டுமானால் உள்பக்கத்தை வெளியே திருப்பி, பச்சைத் தண்ணீரில் தனியாகத் துவைத்து, நிழலில் காயப்போடுங்கள்.

உப்பிலோ வினிகரிலோ ஊறவைத்தால் சாயம் பிடித்துக்கொள்ளும் என்பார்கள். அவுரிச் சாயத்துக்கு அது பலிக்காது.