வாசகர் கேள்வி: ஐந்து ஏக்கர் மலிவாகக் கிடைக்கிறதே, வாங்கலாமா?

கேள்வி: அமெரிக்காவில் சாப்ட்வேர் வேலையில் இருக்கிறேன். சில வருடங்களில் வேலையை விட்டுவிட்டு காய்கறி, கோழி, நாலு ஆடு என்று எங்கள் சாப்பாட்டை நாங்களே பார்த்துக்கொள்ளும்படி கிராமப்புறத்தில் குடியேற ஆசை. கொலராடோவின் சான் லூயிஸ் பள்ளத்தாக்கில் ஐந்து ஏக்கர் ரொம்ப மலிவு என்று விளம்பரம் வருகிறது. மனைவி மிசோரி பக்கம் பார்க்கலாம் என்கிறார். ஒரு கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) இதற்குத் தோதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
- வாசகர், நியூஜெர்சி

பதில்: மனைவி சொல்வதைக் கேளுங்கள் என்று ஒரே வரியில் முடித்துவிடலாம், காரணம் சொல்லாவிட்டால் கேட்கமாட்டீர்களே.

விலையை ஓரமாக வைத்துவிட்டு முதலில் தண்ணீரைப் பாருங்கள். அந்தப் பள்ளத்தாக்கு கடல் மட்டத்திலிருந்து 7,500 அடிக்கும் மேலான உயரத்தில் இருக்கிறது, நடுப்பகுதியில் வருட மழை 8 அங்குலம்கூடத் தேறாது, உறைபனி இல்லாத காலம் ஏறக்குறைய மூன்று மாதம்தான். அங்கே உருளைக்கிழங்கு அமோகமாக விளைகிறதே என்பீர்கள், அதெல்லாம் பழைய தண்ணீர் உரிமை கையில் உள்ளவர்களின் பாசன நிலம். மேற்கு மாநிலங்களில் முதலில் எடுத்துப் பயன்படுத்தியவருக்கே முதல் உரிமை, நிலம் வாங்கியதாலேயே தண்ணீர் உங்களுடையதாகிவிடாது. கொலராடோவில் 35 ஏக்கருக்குக் குறைவான நிலத்துக்கு போர்வெல் அனுமதி கிடைத்தாலும் பெரும்பாலும் வீட்டுக்குள் புழங்க மட்டும்தான் கொடுப்பார்கள், அந்தத் தண்ணீரைத் தோட்டத்துக்கோ ஆட்டுக்கோ விட முடியாது. கூரை மழைநீரைப் பீப்பாயில் பிடிப்பதையே 2016இல்தான் சட்டமாக்கினார்கள், அதுவும் ஒரு வீட்டுக்கு இரண்டு பீப்பாய், மொத்தம் 110 கேலன். இப்போது சொல்லுங்கள், ஐந்து ஏக்கர் ஏன் மலிவு?

தண்ணீருக்கு அடுத்து செப்டிக். மண் தண்ணீரை எவ்வளவு வேகமாக இழுக்கிறது என்று பார்க்கும் பெர்க் டெஸ்டில் நிலம் தோற்றால் சாதாரண செப்டிக் போட விடமாட்டார்கள், மாற்று அமைப்புக்குச் செலவு எகிறும், சில இடங்களில் வீடு கட்ட அனுமதியே கிடைக்காது. அமெரிக்க விவசாயத்துறையின் மண் வரைபட இணையதளமான வெப் சாயில் சர்வேயில் நிலத்தைச் சுற்றிக் கோடு போட்டால் மண்ணின் வகை, பாறை எத்தனை ஆழத்தில், செப்டிக்குக்குத் தோதா என்று இலவசமாகவே சொல்லிவிடும். வெள்ள அபாயத்துக்கு ஃபீமா (மத்திய பேரிடர் மேலாண்மை அமைப்பு) வரைபடம் இருக்கிறது. இரண்டையும் பார்க்காமல் காரை எடுத்துக்கொண்டு நிலம் பார்க்கக் கிளம்பாதீர்கள், மலையும் வானமும் பார்த்தால் புத்தி வேலை செய்யாது.

அப்புறம் கவுண்டி திட்ட அலுவலகத்துக்கு போன் போடுங்கள். பார்சல் எண்ணை, அதாவது அந்த மனையின் பதிவு எண்ணைச் சொல்லி, வீடு கட்டும்வரை டிரெய்லரில் தங்கலாமா, எத்தனை நாள், லாரியில் கொண்டுவந்து தொட்டியில் நிரப்பும் தண்ணீரைக் கட்டட அனுமதிக்கு ஏற்பார்களா, ஆடு வளர்க்கலாமா, ரோட்டைப் பராமரிப்பது கவுண்டியா நீங்களா என்று கேளுங்கள். பதில் எழுத்தில் வரட்டும். போனை எடுக்கிறவர் பேசும் தொனியிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும் என்பது என் எண்ணம்.

மிசோரியின் பல கிராமப்புறக் கவுண்டிகளில் கட்டட அனுமதி என்ற ஒன்றே கிடையாது, அம்மாநிலத்தின் தெற்கே உள்ள ஓசார்க் மலைப்பகுதியில் மழை 40 அங்குலத்துக்கு மேல். ஆனால் மண் மெல்லிசு, ஒரே கல், அடியில் சுண்ணாம்புப் பாறையில் ஓட்டைகள், அதனால் மேலே ஊற்றியது சீக்கிரமே கிணற்றுக்குப் போய்விடும், கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதிக்காமல் குடிக்கக் கூடாது. விதி இல்லாத ஊரில் பக்கத்து நிலத்துக்காரருக்கும் விதி கிடையாது, அவர் பழைய கார்களைக் குவித்தாலும் நீங்கள் வேடிக்கைதான் பார்க்க வேண்டும்.

வில்லங்கம் பார்க்கும்போது வண்டிப்பாதை பாத்தியம் பதிவாகியிருக்கிறதா, நிலத்தடிக் கனிம உரிமை தனியாக விற்கப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். மருத்துவமனை எத்தனை தூரம் என்பதை வயதான பெற்றோர் கூட இருந்தால் இதற்கெல்லாம் முன்னாலேயே பாருங்கள்.

கேள்வி: நாங்கள் பார்த்த இடம் 7ஆவது மண்டலம், எதைப் போட்டாலும் வளரும் என்கிறார் புரோக்கர். நம்பலாமா?

பதில்: வேண்டாம். அவர் சொல்லும் மண்டலம் விவசாயத்துறையின் செடிகளுக்கான குளிர் மண்டல வரைபடத்தில் உள்ளது. 2023இல் புதுப்பித்த அந்த வரைபடம் சராசரியாக ஒரு குளிர்காலத்தில் எந்த அளவுக்குக் குளிர் இறங்கும் என்பதை மட்டுமே காட்டுகிறது. மரம் குளிரைத் தாங்குமா என்பதற்கு உதவும். கடைசி உறைபனித் தேதி, மழை, கோடையின் நீளம் எதுவும் அதில் இல்லை.

கேள்வி: டெக்சாஸில் விவசாய நிலத்துக்கு வரி குறைவாமே, வாங்கியதும் கிடைக்குமா?

பதில்: முந்தைய ஏழு வருடங்களில் ஐந்து வருடமாவது அந்த நிலத்தில் விவசாயம் நடந்திருக்க வேண்டும். விற்பவர் அந்தச் சலுகையில் இருக்கிறாரா என்று பாருங்கள், இல்லையென்றால் முழு வரியைக் கணக்கில் வையுங்கள், அந்த மாநிலத்தில் சொத்து வரி லேசுப்பட்டதில்லை.

கேள்வி: எச்1பி விசாவில் இருக்கிறேன், விவசாய நிலம் வாங்கலாமா?

பதில்: பல மாநிலங்களில் வாங்கலாம், அயோவா போன்ற சிலவற்றில் கட்டுப்பாடு உண்டு. 1978ஆம் வருடச் சட்டப்படி, குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவர் விவசாய நிலம் வாங்கினால் 90 நாளுக்குள் விவசாயத்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். மறந்தால் அபராதம் நிலத்தின் சந்தை மதிப்பில் 25 சதவீதம் வரை போகலாம். 10 ஏக்கருக்குள் இருந்து, விளைச்சல் விற்பனையும் வருடத்துக்கு 1,000 டாலருக்குள் இருந்தால் பொதுவாக விலக்கு. முட்டை, காய் விற்பதை விசா வேறு கண்ணோடு பார்க்கும், முதல் டஜனை விற்பதற்கு முன் குடிவரவு வக்கீலிடம் பேசிவிடுங்கள்.