அசனத்துக்கு இரண்டு அடுப்பா?

வாசகியின் கடிதம் (சுருக்கம்): திருநெல்வேலிப் பக்கம் ஒரு கிராமத்துச் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபை எங்களுடையது. நானும் எங்கள் தெரு அக்கா ஒருவரும் பன்னிரண்டு வருஷம் சேர்ந்து ஞாயிறு பள்ளி நடத்தினோம். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் அவர்கள் செயலாளர், நான் பொருளாளர். ஒரு குருவின் பொறுப்பில் இருக்கும் சபைகள் சேர்ந்த எங்கள் சேகரத்துக்கு நடந்த போன தேர்தலில் என் வீட்டுக்காரர் ஒரு அணி, அக்காவின் தம்பி எதிரணி. அதோடு பேச்சு நின்றுபோனது. சங்கக் கணக்கில் நான் ஏதோ குளறுபடி செய்ததாக அவர்கள் வீட்டில் பேசிக்கொண்டதும் காதில் விழுந்தது. இப்போது சங்கமே இரண்டாகிவிட்டது. இந்த வருஷம் சபையார் எல்லாரும் கூடிச் சாப்பிடும் அசன விருந்துக்கே தனித்தனியாகச் சமைக்கலாம் என்கிறார்கள். ஒற்றுமைக்காக ஜெபித்துக்கொண்டுதான் இருக்கிறேன். பேசாமல் பக்கத்து ஊர்ச் சபைக்குப் போய்விடலாமா?

அன்புச் சகோதரிக்கு,

போகாதீர்கள். குறைந்தபட்சம் அசனம் முடியும்வரையாவது போகாதீர்கள்.

நீங்கள் எழுதிய நீளமான கடிதத்தில் தேர்தலைப் பற்றி நாலைந்து வரிதான் இருந்தது. கிறிஸ்துமஸ் நாடகத்துக்காக இரண்டு பேரும் ராத்திரி முழுக்க உட்கார்ந்து தேவதூதர் சிறகு தைத்ததை ஒரு பக்கம் முழுவதும் எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு உள்ளே வலிப்பது எது என்று அந்தப் பக்கம் எனக்குச் சொல்லிவிட்டது. அக்காவோடு செய்த வேலை நின்றுபோனதுதான் உங்களுக்குப் பெரிய இழப்பு. அந்த வேலையைத் தொடங்காமல் ஒற்றுமையை மட்டும் தேடினால் அது கைக்கு வராது என்று நினைக்கிறேன்.

உங்கள் சங்கத்தின் பெயரிலேயே 'ஐக்கியம்' இருக்கிறது. அதற்குப் புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் இருக்கும் சொல் கொய்னோனியா. நம் தமிழ் வேதாகமத்தில் யோவானின் முதலாம் நிருபம் அதை 'ஐக்கியம்' என்கிறது. அப்போஸ்தலர் நடபடிகள் இரண்டாம் அதிகாரத்தில் அதே சொல் 'அந்நியோந்நியம்' என்று வருகிறது, எபிரெயரில் பதின்மூன்றாம் அதிகாரத்துக்கு வந்தால் 'தானதர்மம்' ஆகிவிடுகிறது. இன்னொன்றும் உண்டு. கெனேசரேத்துக் கடலில் பேதுருவோடு தொழில் செய்த யாக்கோபையும் யோவானையும் லூக்கா 'கூட்டாளிகள்' என்று சொல்கிறாரே, அதுவும் இந்தச் சொல்லின் குடும்பம்தான். ஒரு படகில் மீன் நிறைந்து வலை கிழியும்போது அடுத்த படகுக்காரர் வந்து கைகொடுப்பார். மனசுக்குள் இருக்கிற நல்லெண்ணம் மட்டும் ஐக்கியம் ஆகாது. கையும் சேரவேண்டும், காசும் சேரவேண்டும்.

இப்போது அசனத்துக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் என்னைத் தூங்கவிடாதது அதுதான். வீட்டுக்கு வீடு அரிசியும் காணிக்கையும் வாங்கி, ஊரே கூடிச் சமைத்து, பணக்காரர் ஏழை என்று பார்க்காமல் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்து அது. அதில் இரண்டு அடுப்பா? வேதாகமக் காலத்துக் கொரிந்து சபையில் இதேதான் நடந்தது. கர்த்தருடைய இராப்போஜனத்துக்குக் கூடிய இடத்திலேயே அவரவர் தங்கள் சாப்பாட்டை முந்திச் சாப்பிட்டார்கள். ஒருவன் பசியாயிருக்க இன்னொருவன் குடித்து வெறித்துக் கிடந்தான். நான் பவுலின் ஆள், நான் அப்பொல்லோவின் ஆள் என்று கட்சி கட்டியதும் இதே சபைதான். அந்தச் சபைக்கு எழுதும்போது அப்போஸ்தலர் பவுல் மிகவும் கடுமையாகப் பேசுகிற இடங்களில் ஒன்று இந்தச் சாப்பாட்டு விஷயம். தேர்தலில் இரண்டு அணி இருந்துவிட்டுப் போகட்டும், ஓட்டுப் போட்டதோடு அது முடியவேண்டும். சமையல் பந்தலுக்குள் அது வந்துவிட்டால் அடுத்த தலைமுறைப் பிள்ளைகள் அதைச் சபை வழக்கம் என்றே நினைத்துக்கொள்வார்கள்.

கணக்கு விஷயத்தை மட்டும் ஒற்றுமையின் பெயரால் மூடிவைக்கவேண்டாம். 'நான் ஒரு பைசா தொட்டதில்லை' என்று எழுதியிருக்கிறீர்கள், நம்புகிறேன். ஆனால் நான் நம்புவதால் உங்களுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. எருசலேமின் ஏழைகளுக்காகப் பணம் சேர்த்தபோது பவுல் அதைத் தன் கையில் மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. சபைகள் தெரிந்தெடுத்த ஆளையும் தன் உடன் ஊழியர் தீத்துவோடு கூட அனுப்பினார். யாரும் குற்றம் சொல்ல இடம் வரக்கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்ததாக கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில் அவரே சொல்கிறார். நீங்களும் ரசீதுப் புத்தகம், வங்கிப் பாஸ்புக், வீடுகளில் பிடி பிடியாகச் சேர்த்துக் கொடுத்த பிடியரிசியை விற்ற கணக்கு எல்லாவற்றையும் சேகரகுருவிடம் கொடுத்து, அக்கா தரப்பில் ஒருவரும் உங்கள் தரப்பில் ஒருவரும் சேர்ந்து பார்க்கட்டும் என்று நீங்களே கேளுங்கள். அவர்கள் கேட்கும்வரை காத்திருந்தால் அது விசாரணை போல ஆகிவிடும்.

'கருத்து ஒத்துவராதவர்களோடு எப்படிச் சேர்ந்து வேலை செய்வது?' என்றும் கேட்டிருந்தீர்கள். உங்கள் பக்கத்து மண்ணிலேயே பதில் இருக்கிறது. வெள்ளாளன்விளையில் பிறந்து பின்னாளில் பேராயரான வி. எஸ். அசரியா 1905-இல் செராம்பூரில் தேசிய மிஷனெரி சங்கம் தொடங்கப்பட்டபோது முன்னால் நின்றவர்களில் ஒருவர். வெவ்வேறு சபைப் பிரிவுகளைச் சேர்ந்த இந்தியக் கிறிஸ்தவர்கள் அதில் சேர்ந்து ஊழியம் செய்தார்கள். சபைகள் ஒன்றாகவேண்டும் என்ற அழைப்பு தரங்கம்பாடியில் 1919-இல்தான் வந்தது. அதற்குப் பிறகும் 28 வருஷம் பேசினார்கள். பேராயர் கையால் குருப்பட்டம் பெறாதவர்களை ஏற்பதா வேண்டாமா என்பதே பெரிய தகராறு. கடைசியில் ஏற்கெனவே இருந்த குருமார்களை அப்படியே ஏற்றுக்கொள்வது, இனிமேல் வருகிறவர்களுக்குப் பேராயர்களே பட்டம் கொடுப்பது என்று முடிவுசெய்து, 1947 செப்டம்பர் 27 அன்று சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை உருவானது. அசரியா 1945 ஜனவரி முதல் நாளே இறந்துவிட்டார், அந்த நாளைப் பார்க்கவில்லை. சேர்ந்து உழைத்தது முதலில், கருத்து ஒத்துவந்தது ரொம்பப் பிறகு. நீங்கள் உட்கார்ந்து ஆராதிக்கிற சபையே அப்படி வந்ததுதான்.

அக்காவும் நீங்களும் தேர்தலைப் பற்றி ஒரே கருத்துக்கு வரவேண்டிய தேவையே இல்லை. பிலிப்பி பட்டணத்துச் சபையில் எயோதியாள், சிந்திகேயாள் என்று இரண்டு பெண்கள் பிணங்கியிருந்தார்கள். யார் பக்கம் நியாயம் என்று பவுல் ஒரு வார்த்தை எழுதவில்லை. இருவரும் தன்னோடு சுவிசேஷத்துக்காகப் பாடுபட்டவர்கள் என்பதை நினைவுபடுத்துகிறார். அப்புறம் மூன்றாவது ஒருவரிடம், 'நீ இவர்களுக்கு உதவியாயிரு' என்று கேட்டுக்கொள்கிறார். உங்களுக்கும் அப்படி ஒருவர் வேண்டும். உங்கள் வீட்டுக்காரர் வேண்டாம், அக்காவின் தம்பியும் வேண்டாம். சங்கத்தில் இரண்டு பக்கமும் பேச்சுவார்த்தை உள்ள ஒரு பெரியம்மா இருப்பார்களே, அவர்களைக் கூட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போங்கள்.

போய்த் தேர்தல் பேச்சை எடுக்காதீர்கள். மன்னிப்புக் கேட்கவேண்டியது ஏதாவது உங்கள் பக்கம் இருந்தால் அதை மட்டும் கேளுங்கள், 'ஆனால் நீங்களும்' என்று இழுக்கவேண்டாம். ஞாயிறு பள்ளி வருகைப் பதிவேட்டையும் கையோடு எடுத்துப்போய், வராமல் நின்றுவிட்ட பிள்ளைகளின் பெயரைக் காட்டுங்கள். அப்புறம் அசனத்துக்கு முந்தின ராத்திரி வெங்காயம் உரிக்க எத்தனை மணிக்கு வரட்டும் அக்கா என்று கேளுங்கள். அன்றைக்குக் கதவு திறக்காவிட்டால், இரண்டு நாள் விட்டு மறுபடி போங்கள். அசனம் முடிந்ததும் எனக்கு எழுதுங்கள்.